வங்கிக்குச் சொந்தமான மாடு

அலுவலகத்தில் அவளுக்குக் 'கைவசம்' என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். அவள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கியதும், கைவசம் கிளம்பியாச்சு, இன்றைக்கு எந்தக் கிடங்கோ என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொருத்தமான பெயராகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை கணவனிடம் போனில் சொன்னாள்.

வட்டி வாங்காத வங்கி அது. பணத்தைக் கொடுத்துக் கூடுதலாகப் பணத்தை வாங்குவது இஸ்லாமிய மார்க்கத்தில் கூடாது என்பதால், வாடிக்கையாளருக்கு வேண்டிய பொருளை வங்கியே ரொக்கத்துக்கு வாங்கும். வாங்கிய விலை இது, எங்கள் லாபம் இது என்று ஒளிக்காமல் சொல்லி, அவருக்குத் தவணையில் விற்கும். முராபஹா என்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதுவும் கடனும் ஒன்றாகத்தான் தெரியும். பெயரை மாற்றி வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. வித்தியாசம் முழுவதும் ஒரு சின்ன இடைவெளியில்தான் இருக்கிறது. வாங்கியதற்கும் விற்பதற்கும் நடுவே அந்தப் பொருள் நிஜமாகவே வங்கியின் கைக்கு வந்திருக்க வேண்டும். அரை மணி நேரமானாலும் சரி, அந்த நேரத்தில் அது எரிந்தால் எரிந்தது வங்கியின் பொருள், உடைந்தால் உடைந்தது வங்கியின் பொருள். நட்டத்துக்குத் தோள் கொடுக்க நிற்கிறவருக்குத்தான் லாபத்தில் பாத்தியதை என்று பழைய சட்ட அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பது இதைத்தான்.

அந்த அரை மணி நேரம் அவளுடைய வேலை. கிடங்குக்குப் போய்ப் பொருளைப் பார்த்து, எண்ணி, தொட்டு, இது எங்கள் கைக்கு வந்துவிட்டது என்று மேலாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர் உடனே வாடிக்கையாளரை அழைத்து விற்றுவிடுவார். அப்படி அவள் சிமெண்ட் மூட்டைகளுக்கும், தையல் மிஷின்களுக்கும், ஒரு பல் மருத்துவரின் சாய்வு நாற்காலிக்கும் வங்கியின் சார்பில் சொந்தக்காரியாக இருந்திருக்கிறாள். நாற்காலி வந்த அன்று ஆளில்லாத அறையில் அதில் ஏறிச் சாய்ந்துகூடப் பார்த்தாள். சொந்தக்காரிதானே.

டாக்டர் பட்டத்துக்கு அவள் ஆராய்ந்ததும் இதைத்தான். மிகப் பழைய காலத்தில் ஓர் ஆளுநர் மக்களுக்குத் தானியம் வழங்கச் சீட்டு கொடுத்தார். தானியம் வந்து சேரும் முன்பே சனங்கள் சீட்டை விற்க ஆரம்பித்தார்கள். வாங்கியவன் இன்னொருவனுக்கு விற்றான், அவன் அடுத்தவனுக்கு. ஒருவர் கையிலும் ஒரு மணி தானியம் இல்லை, விலை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் போய் முறையிட்டதும் ஆளுநர் காவலர்களை அனுப்பிச் சீட்டுகளைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார் என்று செய்தி. இந்த ஒரு சம்பவத்திலிருந்து பின்னால் வந்தவர்கள் என்னென்ன சட்டம் எடுத்தார்கள், ஒருவரோடொருவர் எங்கெங்கே முரண்பட்டார்கள் என்று அவள் ஆறு வருடம் படித்தாள். அந்த ஆய்வை முழுதாக வாசித்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் தேர்வாளர்கள்.

கணவன் வாசிக்கவில்லை. வாசிக்கிறேன் என்று ஒரு பிரதியை விமானத்தில் கொண்டு போனான். அவன் வேறொரு நாட்டில், வானத்தைத் தொடும் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். கல்யாணமான நாலாம் மாதம் போனான். அதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவான். அடுத்த வருஷம் முடிச்சுக்கிட்டு வந்துடறேன் என்பதை அவன் வருடா வருடம் சொல்லி, அவளும் வருடா வருடம் சரி என்று சொல்லி, இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. குழந்தை இல்லை. அதற்கு வைத்தியம் பார்க்கவும் இரண்டு பேரும் ஒரே ஊரில் சேர்ந்தாற்போல் சில மாதமாவது இருக்க வேண்டுமே.

தினமும் மாலை வேலை முடிந்து பேசுவான். சாப்பிட்டியா என்பான். சாப்பிட்டேன், நீங்க என்பாள். அங்கே வெயில், இங்கே மழை. லிஃப்டில் மாட்டிக்கொண்ட யாராவது ஒருவர் கதை. பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். சரி வச்சிடட்டுமா என்பான். அந்த மௌனத்தைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நல்ல மனிதன். குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்லக்கூட ஆள் பக்கத்தில் இருந்தால்தானே முடியும்.

பால்பண்ணைக்காரர் ஒருவர் வங்கிக்கு வந்து சினைமாடுகள் வேண்டும் என்று கேட்ட வருடம் அது. நேர்மையான ஆள், கொஞ்சம் அவசரக்காரர். தொலைவில் இருந்த ஒரு பெரிய பண்ணையில் அவரே போய் மாடுகளைத் தேர்ந்தெடுத்து வந்தார். வங்கி பணம் கட்டி வாங்கியது. ஆனால் வெளியிலிருந்து வரும் மாடுகளைக் கால்நடைத் துறையின் தனிக் கொட்டிலில் கட்டி வைத்து, ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் வெளியே விடுவார்கள். வங்கி வாங்கியாகிவிட்டது, வாடிக்கையாளரிடம் ஒப்படைக்க வழியில்லை.

மேலாளர் வழக்கம்போல் போனிலேயே விற்று முடித்துவிடலாம் என்றார். அவள் கூடாது என்றாள். வெளியே கொண்டுபோக முடியாத மாட்டை விற்பது வெறும் சீட்டை விற்பதுதான் என்றாள். மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. தலைமை அலுவலகத்தின் இலக்கு அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. கொட்டிலில் சொந்தக்காரர் தரப்பில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று கால்நடைத் துறையின் விதி சொன்னது.

"சட்டம் பேசினது நீங்க. நீங்களே போய் இருங்க மேடம்" என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். அவள் வீட்டுக்குப் போய், இரண்டு புடவையும் சோப்பும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கொட்டில் ஊருக்கு வெளியே இருந்தது. நீளமான தகரக் கூரை, சிமெண்ட் தரை, நடுவே சாணி ஓட ஒரு வாய்க்கால். பக்கத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் கால்நடை மருத்துவர், இளம் வயசுக்காரி, எந்நேரமும் ரப்பர் பூட்ஸ். இன்னொன்று இவளுக்கு. மாடுகளின் காதில் மஞ்சள் வில்லை குத்தியிருந்தார்கள். இவள் ஒவ்வொரு வில்லையாகப் பார்த்து, ஒவ்வொன்றின் முதுகிலும் கை வைத்தாள். சிமெண்ட் மூட்டையைத் தொட்டுப் பழகிய கைக்கு அந்தச் சூடு விசித்திரமாக இருந்தது. கை பட்ட இடத்தில் தோல் மட்டும் தனியே சிலிர்த்து அடங்கியது. ஒரு மாடு திரும்பி, யார் நீ என்பது மாதிரி பார்த்தது. நெற்றியில் வெள்ளை தெறித்த சிவப்பு மாடு.

வைக்கோலும் தவிடும் வாங்க மேலாளருக்குப் போன் செய்தாள். அது வாடிக்கையாளர் பொறுப்பு என்றார். இல்லை, மாடு யாருடையதோ தீனியும் அவர்களுடையதுதான் என்றாள். மறுமுனையில் நீண்ட பெருமூச்சு கேட்டது. வட்டி வாங்காத வங்கியில் வேலைக்குச் சேரும்போது வைக்கோல் வாங்குவேன் என்று நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பணம் அனுப்பினார்.

பால்பண்ணைக்காரர் தினமும் வந்து தடுப்புக்கு வெளியே நின்று, பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி மாடுகளை எட்டிப் பார்ப்பார். உள்ளே வர அனுமதியில்லை. இதைக் கொஞ்சம் நகர்த்திக் கட்டுங்க, அது சாப்பிடவில்லையே பாருங்க என்று வெளியிலிருந்தபடியே அவளை ஏவுவார். அவளும் செய்வாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கற்றுக்கொண்டாள். வாளியைக் காலுக்கிடையில் இறுக்கிப் பிடிக்காவிட்டால் முட்டிக் கவிழ்த்துவிடும் என்பது முதல் நாளே புடவை நனைந்து புரிந்தது.

வேலை முடிந்த மாலைகளில் அவள் கொட்டிலின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மாடுகள் அசைபோடும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். அவளுக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி அடங்கினால் கேட்கிற அமைதி அவளுக்கு நன்றாகத் தெரியும். டிவியைப் போட்டுவிட்டுச் சமையலறையில் நிற்பாள், யாரோ கூடத்தில் இருக்கிறார்கள் என்று தோன்றுவதற்காக. இங்கே இத்தனை உயிர்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. கணவன் போன் செய்தபோது அவள் வழக்கத்துக்கு மாறாகத் தானே பேசிக்கொண்டு போனாள். நெற்றி வெள்ளை மாடு தன் குரல் கேட்டால் காதைத் திருப்புகிறது என்றாள்.

"என்ன ப்ரொஃபசர், மாடு மேய்க்கவா அத்தனை படிச்சே?" என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். போனை வைத்த பிறகு, அந்தச் சிரிப்பில் தான் எதையோ விட்டுக்கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

பரிசோதனை முடிவு இன்று வரும், நாளை வரும் என்று தள்ளிக்கொண்டே போனது. அப்படி ஒரு நாள் காலையில் நெற்றி வெள்ளை மாடு தீனியைத் தொடாமல் நின்றது. வாலைத் தூக்கித் தூக்கிப் போட்டது. படுக்கும், எழும், மறுபடி படுக்கும். நாள் இன்னும் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டு வந்த மருத்துவர், கையுறை போட்டு உள்ளே கைவிட்டுப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார். கன்று குறுக்கே திரும்பிக் கிடக்கிறது, தலை பின்னால் மடிந்திருக்கிறது என்றார். வெகுநேரம் முயன்றார். தோள்வரை ரத்தமும் நீருமாக எழுந்து நின்றார்.

"வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும். மாடு பிழைக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. சொந்தக்காரங்க சம்மதம் வேணும். இந்த மாடு யாரோடது?"

தடுப்புக்கு வெளியே பால்பண்ணைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் அவளைப் பார்த்தார். மருத்துவரும் அவளைத்தான் பார்த்தார். அவள் மேலாளரை அழைத்தாள்.

மேலாளர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, பரிசோதனை முடிவு இன்று மாலை வந்துவிடும் என்று சொல்கிறார்கள், மொத்த மாடுகளையும் இப்போதே வாடிக்கையாளருக்கு விற்றதாகச் செய்தி அனுப்பிவிடுகிறேன், அவர் சரி என்று ஒரு வார்த்தை பதில் போட்டால் போதும், அப்புறம் சம்மதத்தை அவரே கொடுத்துக்கொள்ளட்டும் என்றார். பக்கத்தில் நிற்கிறவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், அவராகவே ஒப்புக்கொள்வார் என்றும் சொன்னார்.

அவர் ஒப்புக்கொண்டிருப்பார் என்பதுதான் அவளை உலுக்கியது. அந்த மனிதர் மனதுக்குள் என்றைக்கோ அந்த மாட்டுக்குச் சொந்தக்காரராகிவிட்டார். ஒரு வார்த்தை போதும். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

"சாகக் கிடக்கற மாட்டை விக்க முடியாது சார். அது நம்ம மாடு" என்றாள்.

"மேடம், ஒரு நிமிஷம் யோசிங்க."

"யோசிச்சுட்டேன். நான் கையெழுத்துப் போடறேன்."

போட்டாள். பெயருக்குக் கீழே, வங்கிக்காக என்று எழுதினாள். மருத்துவர் விலாவில் மயிரை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டுக் கீறினார். உதவிக்கு ஆள் போதவில்லை. தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் பிடித்துக்கொண்டு மாட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறெங்கும் பார்க்கத் தைரியம் இல்லை. அது அவள் மணிக்கட்டை நக்கியது. நாக்கு உப்புத்தாள் மாதிரி இருந்தது. கன்றை வெளியே இழுத்துப் போட்டபோது அது ஈரத் துணி மூட்டை மாதிரி கிடந்தது. மருத்துவர் அதன் மூக்கில் வைக்கோலை விட்டுக் கிளறினார். தும்மியது. பெண் கன்று.

மாடு மதியம் சாயும்வரை நின்றது. தையல் போட்டும் உள்ளே எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பிறகு முன்னங்கால் மடித்து, வீட்டுக்கு வந்தவர் உட்கார்கிற மாதிரி மெதுவாகப் படுத்தது. கன்றை அதன் முகத்தருகே கொண்டு போனார்கள். இரண்டு தடவை நக்கிக் கொடுத்தது. அவ்வளவுதான்.

அவள் கைகழுவாமலேயே கணவனுக்குப் போன் போட்டாள். வழக்கமான நேரம் இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டிருப்பான், போன் மேலே பெட்டியில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்றாம் தடவை போட்டாள். அழுகை வந்தது. ஒரு மாட்டுக்காக இவ்வளவு அழுகை வராது என்பது அழும்போதே அவளுக்குப் புரிந்தது.

பால்பண்ணைக்காரர் தடுப்புக்கு அப்பால் இன்னும் போகாமல் நின்றிருந்தார். நட்டம் வங்கியுடையது, உங்களுக்கு அந்த மாட்டின் விலை கணக்கில் வராது என்று அவள் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அப்ப கன்னுக்குட்டி?" என்றார்.

"அதுவும் வங்கியோடதுதான்."

"செத்ததும் உங்களது, பொறந்ததும் உங்களது" என்றார் அவர். ஏமாற்றமா நிம்மதியா என்று முகத்தில் தெரியவில்லை. பிறகு, தன் பண்ணையில் கன்று போட்டிருந்த வேறு மாட்டின் சீம்பாலை வரவழைத்துக் கொடுத்து, அதைக் கன்றுக்கு எப்படி ஊட்ட வேண்டும் என்று வெளியே நின்றபடியே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். விரலைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைக்கச் சொன்னார். அது வழுவழுத்த வாயால் விரலை இழுத்த வேகத்தில் அவள் திடுக்கிட்டுப் போனாள்.

கணவன் மாலையில் கூப்பிட்டான். மூன்று தடவை போட்டிருக்கியே என்று பதறினான். அவள் நடந்ததைச் சொன்னாள். மாட்டுக்கா என்றான். கேலியில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். ஆமாம் மாட்டுக்குத்தான் என்றாள். சாப்பிட்டியா என்றான். அன்றைக்கு முதல் முறையாக அவள் இல்லை என்று பதில் சொன்னாள். 

அந்த மாலையே பரிசோதனை முடிவு வந்தது. மறுநாள் மீதி மாடுகள் முறைப்படி விற்கப்பட்டன. கன்றை அன்றைய சந்தை விலைக்குப் பால்பண்ணைக்காரரே தனியாக வாங்கிக்கொண்டார். வங்கிக்கு வாரிசு பிறந்திருக்கிறது, வரவில் வைப்பதா செலவில் வைப்பதா என்று கணக்குப் பிரிவில் பல நாள் அதே சிரிப்பாக இருந்தது. நட்டத்தை வங்கி ஏற்றுக்கொண்டது. மேலாளருக்குத் தலைமை அலுவலகத்தில் நல்ல டோஸ். அவர் அவளிடம் கோபித்துக்கொள்ளவில்லை. பேசுவதைக் குறைத்துக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே. மதியம் அவள் டிபன் பெட்டியைத் திறந்தால் மேசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாப்பாடு முடிந்து எழுந்தார்கள்.

வங்கி செய்வது மார்க்கச் சட்டத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஷரீஆ குழுவின் அடுத்த கூட்டத்தில் புதிய திட்டம் ஒன்று வந்தது. இனி கிடங்கு, கொட்டில் என்று அலைய வேண்டாம். எங்கோ தொலைதூரத்தில் இருக்கும் உலோகத்தைத் தரகர் மூலம் கணினியில் வாங்கி, வாடிக்கையாளருக்குத் தவணையில் விற்று, அவர் சார்பில் அதே நொடியில் வேறொருவருக்கு விற்று, ரொக்கத்தை அவர் கையில் கொடுத்துவிடலாம். பல ஊர்களில் இப்படித்தான் நடக்கிறது. குழுவில் மூன்று அறிஞர்கள். அவளைக் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். இது மறுபடியும் தானியச் சீட்டுதான் என்றாள். யாரும் பார்க்காத, யாரும் தொடாத, யாருக்கும் வேண்டாத உலோகம், அது நிஜமாகவே அங்கே இருக்கிறதா என்றுகூட ஒருவருக்கும் தெரியாது என்றாள்.

மூத்த மௌலானா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை அவள் மிகவும் மதித்தாள்.

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா ஒருத்தன் பொண்டாட்டியை ஆஸ்பத்திரியில படுக்க வச்சிட்டு ரொக்கம் வேணும்னு வந்து நிக்கறான். அவனுக்கு நாம என்னத்த வாங்கி விக்கறது? இல்லைன்னு அனுப்பினா நேரா வட்டிக்கடைக்குத்தானே போவான்?"

 வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள் என்று சொல்லலாம், பழைய நூல்கள் அதைத்தான் சொல்லுகின்றன. அதை எந்த வங்கி எத்தனை பேருக்குக் கொடுக்கும் என்று அவர் திருப்பிக் கேட்பார், அதுவும் நியாயம்தான். இரண்டு பேர் ஆதரித்தார்கள். மூன்றாமவர் மறுப்பை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். திட்டம் நிறைவேறியது. அவளுக்கு ஜன்னலோரம் ஒரு மேசையும் பெரிய திரையும் கிடைத்தன. திரையில் எண்கள் பச்சையாக வந்து பச்சையாகவே போயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். நாள் முழுக்க எத்தனையோ டன் உலோகம் அவள் கைவசம் வந்து போனது. ஒன்றுக்கும் எடை இல்லை.

அப்படி ஒரு நாள் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தவள், அழுத்துவதை நிறுத்தினாள். சேர்ந்து கிடந்த லீவையெல்லாம் எழுதிக் கொடுத்தாள். நான் அங்கே வருகிறேன் என்று கணவனிடம் சொன்னபோது, அவன் சந்தோஷப்படுவதற்கு முன்னால், "இங்கயா?" என்றான். இருபது வருடத்தில் அவள் அங்கே போனதே இல்லை. செலவு என்பான், இடமில்லை என்பான், அடுத்த வருஷம் நானே வந்துடுவேனே என்பான். இந்த முறை அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விமான நிலையத்தில் அவன் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தான். போனில் தெரிவதைவிடக் குள்ளமாக, முடி குறைந்து இருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டான். டாக்சியில் இருவருக்கும் நடுவே அவள் கைப்பை இருந்தது. அவன் அறை ஒரு பழைய கட்டடத்தின் மேல்தளத்தில். கூட இருந்த இரண்டு பேர் வேறு நண்பர் அறைக்குப் போய், இடத்தைக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். இரும்புக் கட்டில், கயிற்றில் துவைத்த துணிகள், ஒற்றை அடுப்பு. அலமாரியில் ஒரு தட்டை மட்டும் துடைத்துக் காலியாக வைத்திருந்தான், அவளுடைய சாமான்களுக்காக. அதற்கு மேல் தட்டில் அவளுடைய ஆய்வு நூல் இருந்தது. முதுகு மடங்காமல், புதிதாக.

அவள் வந்ததிலிருந்து அவனால் சரியாகத் தூங்கவே முடியவில்லை. ஒரே கட்டிலில் பக்கத்தில் ஆள் படுத்தால் பழக்கமில்லை என்று தலையைச் சொறிந்தான். அவள் கரண்டியைக் கழுவி ஓரிடத்தில் வைத்தால், அவள் பார்க்காதபோது அதை எடுத்துத் தன் பழைய இடத்தில் வைத்தான். அவன் வேலைக்குப் போன பகல்களில் அவள் ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடத்தின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு, இந்த மனிதன் இதைப் பார்த்துக்கொண்டுதான் இத்தனை வருடம் இருந்திருக்கிறான் என்று நினைத்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். வரவில்லை.

அவனுக்கு விடுமுறை வந்த ஒரு மதியம், சாப்பிட்டு முடித்துக் கட்டிலின் இரு ஓரங்களில் உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. ஏன் வர மாட்டேங்கறீங்க?"

அவன் கட்டில் கம்பியில் உரிந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினான்.

"அங்க வந்தா நான் விருந்தாளிப்பா. எந்தச் சாமான் எங்க இருக்குன்னு தெரியாது. தண்ணி குடிக்கணும்னாகூட உன்னைக் கேட்கணும். ஒரு மாசம்னா சமாளிச்சிடறேன். அதுக்கு மேல என்னை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவே?"

இப்படி ஒரு பதிலை அவள் எந்தக் காலத்திலும் யோசித்ததில்லை. அவனுக்குத்தான் பயம் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. இந்த ஒப்பந்தம் முடிந்ததும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றான். அவள் நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை. தேதி கேட்கவில்லை.

அவன் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடினான். அவள் சொல்ல ஆரம்பித்தாள். கதவைத் திறந்தா இடப்பக்கம் செருப்பு ஸ்டாண்டு. சுவிட்சு அதுக்கு மேலே, ரெண்டாவதுதான் கூடத்து லைட், முதல்ல இருக்கறது வேலை செய்யாது. சமையலறையில உப்பு அடுப்புக்கு வலப்பக்கம், கண்ணாடி பாட்டில்ல. டீத்தூளும் அது மாதிரி பாட்டில்தான், மூடி சிவப்பா இருக்கும். தண்ணி வடிகட்டியோட குழாயைக் கொஞ்சம் தூக்கித் திருப்பணும், இல்லாட்டி சொட்டிக்கிட்டே இருக்கும். அவன் உதடு அசைவது தெரிந்தது, சொல்லிப் பார்த்துக்கொள்கிற மாதிரி. பீரோவில இடது கதவு உங்களது, சாவி மேலேயே இருக்கு என்றபோது அசைவு நின்றிருந்தது. வாய் லேசாகத் திறந்து, அவள் வந்த பிறகு முதல் தடவையாக அவள் பக்கத்தில் இருக்கும்போது அவன் தூங்கிப்போயிருந்தான்.

அவள் நிறுத்தவில்லை. குரலை மட்டும் தணித்துக்கொண்டாள். குளியலறை, துணி காயப்போடுகிற பால்கனி, மழை வந்தால் ஒழுகும் மூலை, அதற்கு வைக்கிற வாளி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள்.